தோல்ஷாப்புத் தண்ணீர்

செங்காட்டுப்பட்டி,
14-5-1958.

அன்புள்ள தம்பி தங்கமுத்துவுக்கு,

அக்காள் ராக்கம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் உன் மருமகன் பொன்ராஜும் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், இந்தக் கோடையில் அந்த வார்த்தையை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நீயும் பழனியம்மாளும் அய்யம்மாளும் நலம்தானே? பிள்ளைக்குப் பத்து வயது முடிந்திருக்குமே.

மழை இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குளம் வெடித்துக் கிடக்கிறது. கிணற்றில் அரை நாள் இறைத்தால் சகதி வருகிறது. மல்லிகைக்கு ஒரு நாள், கத்தரிக்கு ஒரு நாள் என்று பங்கு வைத்து ஊற்றுகிறோம். உன் மச்சான் வழக்கம்போல வாயைத் திறக்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நம் பஞ்சாயத்துப் பிரசிடெண்ட் கண்ணுசாமி மட்டும் சும்மா இருக்கவில்லை. மழை வரவேண்டும் என்று வீட்டுக்கு வீடு வசூல் செய்து இரண்டு கழுதைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். மாப்பிள்ளைக் கழுதை பந்தலில் கட்டியிருந்த தென்னங்கீற்றைத் தின்றுவிட்டது. பிரசிடெண்ட் வீட்டார் மூன்று நாள் நெய் ஊற்றிச் சாப்பிட்டார்கள். மழைதான் வரக் காணோம்.

நம் ஊர்ப் பெண்கள் மேட்டுக்காட்டில் ஆவாரம் பட்டை உரித்துக் கட்டி, தோல் பதனிட உங்கள் தோல்ஷாப்புக்கு வண்டி ஏற்றுவார்களே, அதற்கும் வந்தது கேடு. போன வாரம் உங்கள் ஷாப்பு ஆள் வந்து, ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் நல்ல பட்டை வருகிறது, இனி உங்கள் ஆவாரம் எதற்கு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். உரித்த பட்டை எல்லாம் கிடந்து காய்கிறது. அந்த ஆப்பிரிக்காக்காரி பட்டை உரிக்கிறபோது அவள் கை மட்டும் சிவக்காதா என்று இங்கே பேச்சு.

இன்னொன்று. பங்குனித் திருவிழாவில் கோவில் வாசலில் எல்லார் முன்னாலும் அய்யம்மாள் எங்க அக்கா வீட்டுக்குத்தான், பொன்ராசுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனாய். அன்றிலிருந்து உன் மருமகன் நாளைக்கு நாலு தடவை தலை வாருகிறான். பதினாறு வயதுக்கு இது கொஞ்சம் அதிகம். ஆனாலும் எனக்கு மனது குளிர்ந்து போயிருக்கிறது தம்பி. அம்மா பெயரை வைத்த பிள்ளை என் வீட்டில் விளக்கேற்றினால் எனக்கு வேறு என்ன வேண்டும்.

உன் அக்காள்,
ராக்கம்மாள்.

---

திண்டுக்கல்,
2-6-1958.

அன்புள்ள அக்காளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துப் பழனியும் நானும் சிரித்தோம். கழுதைக் கல்யாணம் செய்கிற ஊரில் மழை எப்படி வரும்? இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஊர் இருக்கிறது என்று வெளியே சொல்ல எனக்கு வெட்கம்.

நீ எனக்காகச் சந்தோஷப்பட வேண்டும். என்னைத் தலைமை ரைட்டர் ஆக்கிவிட்டார்கள். எங்கள் சரக்கு இப்போது மெட்ராஸ் ஹார்பரிலிருந்து நேரே லண்டன் போகிறது. ஆப்பிரிக்கப் பட்டை விஷயம் அப்படித்தான். அதில் ஊறிய தோல் மெத்தென்று வருகிறது, வெளிநாட்டான் அதைத்தான் கேட்கிறான். வியாபாரம் என்றால் உறவு பார்க்க முடியாது.

ஆனால் உன் தம்பி ஊரை மறந்துவிடவில்லை. கேள். தோலை ஊறவைத்துக் கழுவிய தண்ணீர் எங்கள் ஷாப்பிலிருந்து இரவும் பகலும் ஓடி ரயில்வே லைன் ஓரம் தேங்கி நிற்கிறது. டவுன்காரர்கள் நாற்றம் என்று சத்தம் போடுகிறார்கள். முதலாளி இதை எங்கே கொண்டுபோய் விடுவது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் சொன்னேன், எங்கள் ஊர் வாய்க்கால் உங்கள் பின்சுவர் தாண்டித்தான் இறங்குகிறது, கொஞ்ச தூரம் வெட்டினால் போதும், எங்கள் குளம் நிறையும் என்று. முதுகில் தட்டிக்கொடுத்தார். தலைமை ரைட்டர் ஆனது அதற்கு அடுத்த வாரம்.

அதில் சுண்ணாம்பும் உப்பும் பட்டைச் சாறும்தான் இருக்கும். எல்லாம் எரு மாதிரிதான். ஆடிக்குள் உங்கள் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். கண்ணுசாமி மாமாவிடம் கழுதைகளைப் பிரித்துவைத்துவிடச் சொல்.

உன் தம்பி,
தங்கமுத்து.

---

செங்காட்டுப்பட்டி,
11-8-1958.

அன்புள்ள தம்பிக்கு,

வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை வாய்க்காலில் தண்ணீர் ஓடி வருகிறது என்று கத்திக்கொண்டு ஆள் ஓடி வந்தான். ஊரே போய் நின்றது. கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த மண்ணில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வருகிறதைப் பார்க்க, பொய் சொல்வானேன், எனக்கும் கண் கலங்கியது. நானும் ஒரு தேங்காய் உடைத்தேன்.

பிரசிடெண்ட் ஒரு கிடாயை வெட்டி வாய்க்கால் மேட்டில் பொங்கல் வைத்தார். உன் முதலாளியின் போட்டோவை எங்கேயோ வாங்கிவந்து மாலை போட்டு, அதன் முன்னால் கற்பூரம் காட்டினார். போட்டோவில் அவர் யாரோ கடன்காரனைப் பார்க்கிற மாதிரி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கமுத்து நம்ம ஊருக்குக் கங்கையைக் கொண்டுவந்துட்டான் என்று பேச்சு. கங்கை டீக்கடைத் தண்ணீர் நிறத்தில் இருக்கிறதே என்று உன் மச்சான் கேட்டார். வருஷத்தில் அவர் பேசுகிற நாலு வார்த்தையில் இது ஒன்று, அதையும் யாரும் காதில் வாங்கவில்லை.

கொஞ்சம் வாடை அடிக்கிறது. மாடுகள் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. போகப் போகப் பழகிவிடும் என்றார் பிரசிடெண்ட்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்காள்,
ராக்கம்மாள்.

---

திண்டுக்கல்,
18-1-1961.

அன்புள்ள அக்காளுக்கு,

பொங்கலுக்கு வர முடியவில்லை. கோபிக்காதே. அந்தச் சமயத்தில் லண்டனிலிருந்து ஒரு துரை வந்திருந்தார், எங்கள் தோலை வாங்குகிற கம்பெனிக்காரர். நான் இப்போது மேனேஜர் ஆகையால் அவரை நான்தான் ஷாப்பு முழுக்கச் சுற்றிக் காட்டினேன். தோலைத் தடவிப் பார்த்து வெரி குட் என்றார். இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது என்று கேட்டார். எங்கள் கிராமங்களுக்குப் பாசனத்துக்குப் போகிறது என்றேன். இந்தியர்கள் எதையும் வீணாக்குவதில்லை என்று ஆச்சரியப்பட்டார். அந்தச் சமயத்தில் உங்களை எல்லாம் நினைத்துப் பெருமையாக இருந்தது.

இந்த நாட்டுக்கு இப்போது வேண்டியது அந்நியச் செலாவணி. மிஷின் வாங்க, உரம் வாங்க, கோதுமை வாங்க எல்லாவற்றுக்கும் அதுதான். அதைச் சம்பாதித்துக் கொடுப்பவர்கள் நாங்கள். இதை ஊரில் சொன்னால் எவனுக்குப் புரியும்? மழை, மாடு, பங்காளிச் சண்டை, இதைத் தாண்டி அங்கே என்ன இருக்கிறது.

பெண்ணைக் கான்வென்ட் ஹைஸ்கூலில் சேர்த்திருக்கிறோம். அய்யம்மாள் என்று கூப்பிட்டால் மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். ஹேமலதா என்று மாற்றிவிட்டோம். அம்மா பெயரை விட்டதாக நினைக்காதே, வீட்டில் நான் பழைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், அவள்தான் திரும்பிப் பார்ப்பதில்லை.

நீ பஸ்ஸில் கொடுத்துவிட்ட மல்லிகை வந்தது. இந்தத் தடவை மொட்டு சின்னதாக இருந்ததாகப் பழனி சொன்னாள். உரம் போதவில்லையோ என்னவோ. பொன்ராஜை ஒரு பேண்ட் தைத்துக்கொள்ளச் சொல். மாமன் வீட்டுக்கு வரும்போது போட்டுக்கொண்டு வரட்டும்.

தம்பி,
தங்கமுத்து.

---

செங்காட்டுப்பட்டி,
9-9-1963.

அன்புள்ள மேனேஜர் தம்பிக்கு,

இரண்டு வருஷமாக இதை எழுதலாமா வேண்டாமா என்று வைத்திருந்தேன். இனி வைத்திருக்க முடியாது.

நம் கிணறு போய்விட்டது. தண்ணீர் இருக்கிறது, நிறையவே இருக்கிறது, வாயில் வைக்க முடியாது. உப்பும் கசப்பும் சேர்ந்து ஒரு ருசி. பருப்பு வேகவில்லை. சோப்பு நுரைக்கவில்லை. சோறு வடித்தால் பழுப்பு நிறத்தில் வருகிறது. வரப்பு ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, மல்லிகை இலை நுனியில் கருகி உள்ளே கருகிக்கொண்டே போகிறது. பழனிக்குச் சொல், மொட்டு சின்னதாகவாவது வந்த காலம் முடிந்துவிட்டது. குளத்தை ஒட்டின கிணறுகள் முதலில் போயின. இப்போது ஊரில் நல்ல கிணறு என்று ஒன்றுகூட இல்லை.

குடிக்கத் தண்ணீர் மேட்டுப்பட்டியிலிருந்து வருகிறது. போக இரண்டு மைல், வர இரண்டு மைல். அங்கே செபாஸ்தியம்மாள் என்று ஒரு புண்ணியவதி தன் தோட்டத்துக் கிணற்றைத் திறந்து விட்டிருக்கிறாள். அவள் ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னதில்லை. ஆனால் நேற்று என் குடத்தைத் தூக்கிவிடும்போது, ஒன் தம்பிதான அந்தத் தோல்ஷாப்புல மேனேசரு, என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நல்லா இருக்கட்டும் என்றாள். அந்த இரண்டு மைலும் எனக்குக் குடம் கனத்தது.

நாங்கள் எழுதிப்போட்ட மனுவுக்கு ஒரு வழியாக ஒரு ஆபீசர் வந்தார். ஜீப்பில் வந்தார். வரும்போதே ஒரு கூடை சோடா கலரோடு வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரிந்தவரை குறை ஒன்றும் இல்லையே என்றார். நான் நம் கிணற்றுத் தண்ணீரில் மோர் கரைத்து ஒரு டம்ளர் நீட்டினேன். எனக்கு மோர் ஆகாது என்று சொல்லிவிட்டார். சரி, வெறும் தண்ணீராவது குடியுங்கள் என்றேன். ஜீப்பில் ஏறிக்கொண்டார். அவர் எழுதிய ரிப்போர்ட்டில் கிராமத்தார் கிணறுகளைத் தூர்வாராமல் விட்டதே காரணம் என்று இருக்கிறதாம்.

பிரசிடெண்டிடம் போனோம். அவருக்கு நேரமில்லை. உன் கம்பெனி பஞ்சாயத்துக்கு ஒரு ரேடியோ கொடுத்திருக்கிறது அல்லவா, அதில் வயலும் விவசாயமும் கேட்டுக்கொண்டிருந்தார். எந்தப் பயிருக்கு எந்த மாதம் தண்ணீர் விட வேண்டும் என்று ஒருவன் விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

தம்பி, நான் உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். வாய்க்காலை அடைக்கச் சொல். நீதான் திறந்துவிட்டாய், நீ சொன்னால் நடக்கும்.

அக்காள்,
ராக்கம்மாள்.

---

திண்டுக்கல்,
1-10-1963.

அன்புள்ள அக்காளுக்கு,

கடிதம் கிடைத்தது. மேனேஜர் தம்பி என்று குத்திக்காட்டி எழுதியிருந்தாய். பரவாயில்லை, நீ அக்காள்.

கொஞ்சம் நியாயத்தை யோசித்துப் பார். இந்த வாய்க்கால் வந்தபோது கிடா வெட்டிப் பொங்கல் வைத்தது யார்? போட்டோவுக்குக் கற்பூரம் காட்டியது யார்? வேண்டும் என்று கேட்கும்போது ஒரு பேச்சு, பிறகு ஒரு பேச்சு. கிராமத்தானுக்கு எப்போதும் இதே புத்தி. மழை பெய்தால் வெள்ளம் என்பான், பெய்யாவிட்டால் பஞ்சம் என்பான். உழைக்கச் சோம்பல், பழி போட ஒரு ஆள் வேண்டும். எங்கள் தோல் வருஷத்துக்கு எத்தனை கப்பல் ஏறுகிறது, அதனால் இந்த நாட்டுக்கு எவ்வளவு வருமானம் என்று உங்களில் ஒருவருக்காவது தெரியுமா? நீங்கள் என்ன கத்தரிக்காயை லண்டனுக்கு ஏற்றுமதி செய்யப் போகிறீர்களா?

வாய்க்காலை அடைக்கச் சொல் என்று சுலபமாக எழுதிவிட்டாய். எனக்கு நாற்காலி கிடைத்ததே அந்த வாய்க்காலால்தான். நானே போய் அதை அடையுங்கள் என்று முதலாளியிடம் சொன்னால், நீயும் ஊருக்குப் போய் மாடு மேய் என்று சொல்லிவிடுவார். அதுதான் உனக்கு வேண்டுமா?

என்னால் முடிந்ததைச் செய்கிறேன். பொன்ராஜை அனுப்பு. சுண்ணாம்புத் தொட்டியில் ஆள் தேவைப்படுகிறது. நிரந்தர வேலை, முதலாளியிடம் பேசிவிட்டேன். செத்துப்போன பூச்செடியைக் கட்டிக்கொண்டு அழுவதற்கு இது எவ்வளவோ மேல்.

தம்பி,
தங்கமுத்து.

---

செங்காட்டுப்பட்டி,
12-10-1963.

தம்பிக்கு,

கிடா வெட்டியது நாங்கள்தான். முட்டாள்கள்தான். வறண்ட காட்டில் பிறந்தவர்கள், ஓடி வருவதெல்லாம் தண்ணீர் என்று நினைத்துவிட்டோம். ஆனால் அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று எழுதி, அது எரு என்றும் எழுதியவன் நீ. உன் கடிதத்தைத்தான் பிரசிடெண்ட் ஊர் நடுவில் நின்று உரக்கப் படித்தார்.

கத்தரிக்காயை நாங்கள் லண்டனுக்கு அனுப்பவில்லை, வாஸ்தவம். உன் வீட்டுச் சாம்பாருக்கு அனுப்பினோம். பன்னிரண்டு வருஷம் அனுப்பினோம். அதனால் நாட்டுக்கு ஒரு வருமானமும் இல்லை.

பொன்ராஜிடம் உன் வேலையைச் சொன்னேன். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற மாமன், மருமகனைச் சுண்ணாம்புத் தொட்டியில் இறக்கிவிட்டு அவன் கால் வெந்த பிறகு பார்க்க நினைக்கிறாரா என்று கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான். அவன் மேட்டுப்பட்டியில் ஒரு துண்டு நிலத்தை வாரத்துக்குப் பிடித்து அங்கே மல்லிகைப் பதியன் வைத்திருக்கிறான். செடி பிடித்துவிட்டது. நீ சொல்கிற சோம்பேறிகளில் அவனும் ஒருவன்.

கோபத்தில் எழுதுகிறேன். அப்புறம் எனக்கே வருத்தமாக இருக்கும். வருகிற தையில் வந்து பேசி முடித்துவிடு. அய்யம்மாளோ ஹேமலதாவோ, எந்தப் பெயரில் வந்தாலும் என் மருமகள். அவள் கையில் குடம் கொடுக்கமாட்டேன், தண்ணீருக்கு நான் போவேன். இதை நான் கும்பிட்டுச் சொல்வதாக வைத்துக்கொள்.

உன் அக்காள்,
ராக்கம்மாள்.

---

(தபால் கார்டு)

செங்காட்டுப்பட்டி,
3-12-1965.

தம்பிக்கு,

மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. நீ டவுனில் மாடி வீடு கட்டிக் குடிபோனதாக நம் பஸ் கண்டக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். சந்தோஷம். இங்கே ரேஷனில் அமெரிக்காவிலிருந்து வந்த சிவப்புச் சோளம் போடுகிறார்கள். அந்த நாட்டில் அதை மாட்டுக்குப் போடுவார்களாம். நம் மாடுகள் போய்விட்டதால் நாங்கள் சாப்பிடுகிறோம். உன் செலாவணியில் வாங்கியதாக இருக்கும், மிகவும் நன்றி. பொன்ராஜுக்கு இருபத்துமூன்று முடிந்துவிட்டது. இந்த ஊருக்கு யாரும் பெண் கொடுப்பதில்லை. ஒரு வார்த்தை எழுது.

ராக்கம்மாள்.

---

திண்டுக்கல்,
22-6-1966.

அன்பும் மரியாதையும் உள்ள அக்காள் அவர்களுக்கு,

நலம். தங்கள் நலமும் மச்சான் நலமும் அறிய ஆவல். வேலை மிகுதியால் பதில் எழுத முடியாமல் போனதற்கு மன்னிக்க வேண்டும். இந்த மாதம் ரூபாயின் மதிப்பைக் குறைத்திருப்பதைத் தாங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஊரில் எல்லாரும் திட்டுவார்கள். எங்களைப் போன்ற ஏற்றுமதிக்காரர்களுக்கு அது ஒரு யோகம். ஒரு இங்கிலீஷ் பவுனுக்கு முன்னைவிட எவ்வளவோ ரூபாய் கூடுதலாக வருகிறது. முதலாளி என்னையும் ஒரு சின்னப் பங்குதாரராகச் சேர்த்துக்கொண்டார்.

முக்கியமான விஷயம் ஒன்று. ஹேமலதாவுக்கு மெட்ராஸில் ஒரு இடம் வந்திருக்கிறது. பையன் பெயர் சேதுபதி. அவன் தகப்பனார் எங்கள் சரக்கைக் கப்பலேற்றுகிற ஏஜெண்ட். நம் ஜனம்தான். பையன் லண்டனுக்குப் போய் வந்தவன். ஆவணியில் முகூர்த்தம்.

பங்குனித் திருவிழாவில் நான் சொன்ன வார்த்தையை மறக்கவில்லை. ஆனால் தாங்களே ஒரு தாயாக யோசித்துப் பாருங்கள். தண்ணீர் இல்லாத ஊரில் என் பெண்ணை எப்படிக் கொடுப்பது? குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் நடப்பதற்கா நான் அவளைக் கான்வென்டில் படிக்கவைத்தேன்? பொன்ராஜ் நல்ல பையன்தான். ஊர்தான் சரியில்லை. இதில் யார் மேலும் குற்றம் இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் மெட்ராஸில் இருந்தாலும் வழக்கத்தை விடாதவர்கள். பெண்ணுக்கு முறைமாப்பிள்ளை இருக்கிறான் என்று தெரிந்து, முறைவீட்டார் பந்தலுக்கு வந்து முறையை விட்டுக்கொடுத்தால்தான் தாலி என்று சொல்லிவிட்டார்கள். தங்களுக்குத் தெரியாததல்ல. முறைவீட்டார் தங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு செம்பில் கொண்டுவந்து பெண்ணின் தகப்பன் கையில் கொடுப்பதும், அவன் அதைக் குடித்துவிட்டு அவர்களிடம் வெற்றிலை வாங்கிக்கொள்வதும் நம் வழக்கம். பெண் போனாலும் உறவு போகவில்லை என்பதற்கு அது சாட்சி. தாங்கள் அவசியம் வந்து நடத்திக்கொடுக்க வேண்டும்.

ஒரு சின்ன யோசனை. செம்பை மட்டும் கொண்டுவந்தால் போதும். அவ்வளவு தூரம் பஸ்ஸில் தண்ணீர் தளும்பும். மண்டபத்தில் குழாய் இருக்கிறது, அங்கேயே பிடித்துக்கொள்ளலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. தங்களுக்குப் பட்டுப்புடவை எடுத்து வைத்திருக்கிறோம்.

தங்கள் தம்பி,
பி. தங்கமுத்து.

---

செங்காட்டுப்பட்டி,
4-7-1966.

தங்கமுத்துவுக்கு,

தாங்கள் தாங்கள் என்று நீ எழுதியிருந்ததைப் படித்து, வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் குழாய்த் தண்ணீர் யோசனை வந்தது, அது நீதான் என்று தெரிந்தது.

இதில் யார் மேலும் குற்றம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். எங்கள் தண்ணீரை எடுத்துக்கொண்டு, தண்ணீர் இல்லாத ஊர் என்று எங்களையே தள்ளுகிறாய். எனக்குத் தெரிந்து எத்தனையோ கெட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்வதைச் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போய்விடுவார்கள். உனக்கு அந்தச் சின்ன நாகரிகம்கூட வரவில்லை. நியாயமும் உன் பக்கம் இருக்க வேண்டும், பட்டுப்புடவையும் நீ எடுத்துத்தர வேண்டும்.

உன் கடிதம் வந்த அன்று நான் அழவில்லை. பரணிலிருந்து அம்மாவின் பித்தளைச் செம்பை எடுத்துப் புளி போட்டுத் துலக்கினேன். வழியில் ஒரு சொட்டுத் தளும்பாமல் கொண்டுவந்து, உன் மெட்ராஸ் சம்பந்திகள் முன்னால் உன் கையில் கொடுக்க வேண்டும் என்று துலக்கினேன். நீ மூக்கைப் பிடிக்காமல் அதைக் குடிக்க வேண்டும், உன் தொண்டையில் அது இறங்குவதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். எட்டு வருஷத்தில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. செம்பு பொன்னாக மின்னியது. அதை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

பொன்ராஜ் அங்கே நின்றுகொண்டிருந்தான். உன் கடிதத்தை அவனும் படித்திருந்தான். செம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"எம்மா, இந்தத் தண்ணிய நம்ம மாட்டுக்கே வச்சதில்ல. ஒரு மனுசனுக்கு எப்படிக் குடுக்குறது?"

உன் மாமன் நமக்குக் கொடுத்தானே என்றேன். உனக்குப் பேசிய பெண்ணை வேறு ஒருவனுக்குக் கொடுக்கிறானே, உனக்கு ரோஷம் இல்லையா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன், அதை எல்லாம் எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

"மாமா குடுத்தாரு. நாம குடுக்க வேணாம்மா," என்றான்.

உன் மச்சான் வரப்பில் உட்கார்ந்திருந்தார். பயல் சொல்வது சரி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். நான் அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்து அழுதேன். உனக்காக அழவில்லை. அவ்வளவு நல்ல பிள்ளையை உன் வாசலில் எட்டு வருஷம் காக்கவைத்தேனே என்று அழுதேன்.

ஆகையால் கேட்டுக்கொள். முறையை விட்டுவிட்டோம். அந்தப் பெண் மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவள் எங்கே இருந்தாலும் நல்ல தண்ணீர் குடித்து நன்றாக இருக்கட்டும். முகூர்த்தத்துக்குப் பொன்ராஜ் வருவான். சபையில் நின்று முறை விட்டோம் என்று சொல்லி வெற்றிலையைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவான். அவனைச் சாப்பிடச் சொல்லி யாரும் கையைப் பிடிக்க வேண்டாம். உன் வீட்டில் அவன் பச்சைத் தண்ணீர் தொடமாட்டான். செம்பு வராது. எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது என்று ஆகிவிட்டது, உன் குழாய்த் தண்ணீரை எங்கள் தண்ணீர் என்று பொய் சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு நாங்கள் இன்னும் டவுன்காரர்கள் ஆகவில்லை.

தண்ணீர் இல்லாமல் முறை விட்டால் இரண்டு வீட்டுக்கும் உறவு அறுந்தது என்று அர்த்தம், அது உனக்குத் தெரியும். நல்லதுக்கும் வரமாட்டோம், கெட்டதுக்கும் வரமாட்டோம். எனக்கு ஒன்று என்றால் உனக்கு ஆள் சொல்லிவிட வேண்டாம் என்று பொன்ராஜிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நீயும் பழனியிடம் அப்படியே சொல்லிவை.

பந்தலில் உன் சம்பந்தி கேட்பார், முறைவீட்டார் வந்திருக்கிறார்கள், செம்புத் தண்ணீர் எங்கே என்று. பொன்ராஜ் பதில் சொல்லமாட்டான், அவன் அப்பாவைப் போலத்தான். நீயே சொல்லு. அவரும் உங்கள் தோலைக் கப்பலேற்றுகிறவர்தானே, சட்டென்று புரிந்துகொள்வார்.

இப்படிக்கு,
ஒச்சப்பன் மனைவி ராக்கம்மாள்.